இரண்டும் 4831 தானே? ஒரே மாதிரித் தெரியும் றைபிள் மருந்துகள் ஏன் ஒன்றல்ல

கொழும்பில் இருக்கும் நமக்குத் துவக்கு என்பது பெரும்பாலும் செய்தியில் வரும் பொருள்தான். ஆனால் நம்முடைய ஆட்கள் இப்போது எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், அவுஸ்திரேலியாவில் பண்ணைகளில் காட்டுப்பன்றி சுடுகிறவர்கள், இலக்குச் சுடும் கழகங்களில் சேர்ந்தவர்கள் என்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களிலும் ஒருவர் இருவர் உண்டு. அவர்களில் சிலர் கடையில் ரவை வாங்காமல், சுட்டு முடிந்த கோதுகளைச் சேர்த்துத் தாங்களே மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். ரீலோடிங் என்று அதைச் சொல்வார்கள். அந்த நாடுகளில் அது சட்டப்படி செய்யக்கூடிய, பலர் செய்கிற பொழுதுபோக்கு.

விடுமுறைக்கு வந்து உட்கார்ந்து கதைக்கும்போது அடிக்கடி ஒரு கேள்வி வரும். “மச்சான், நான் வழக்கமா போடுற மருந்து கடையில இல்லையாம். அதே நம்பர்ல வேற கொம்பனியின்ர இருக்கு. ரெண்டும் ஒண்டுதானே, அதே அளவு போடலாம்தானே?” பக்கத்தில் இருப்பவர் யோசிக்காமல் “ஓம், அது லேபல் மட்டும்தான் வித்தியாசம்” என்று சொல்லிவிடுவார். சில மருந்துகளுக்கு அந்தப் பதில் உண்மை. வேறு சிலவற்றில் அதே பதிலை நம்பினால் முகத்துக்கு முன்னால் துவக்கு உடையும். எது எந்த வகை என்பதைப் பெயரையோ நிறத்தையோ பார்த்துச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை இதில் படிப்படியாகச் சொல்கிறேன். இரசாயனம் படிக்காதவருக்கும் புரியும்.

முதலில் ஒன்று. இது இலங்கையில் வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் துவக்கையும் மருந்தையும் உரிமப்பத்திரத்தோடு கட்டிவைத்திருக்கின்றன. இங்கே சொல்வது விளங்கிக்கொள்வதற்கு.

ஒரு ரவைக்குள் என்ன இருக்கிறது

செய்திகளில் தோட்டா, ரவை, குண்டு, சன்னம் எல்லாம் மாறி மாறி வரும். இந்தக் கட்டுரைக்கு நாம் இப்படி வைத்துக்கொள்வோம். துவக்கில் ஏற்றும் முழுப் பொருளும் ரவை. அதன் நுனியில் இருந்து பறந்து போகும் உலோகத் துண்டு சன்னம். பித்தளையால் ஆன கூடு கோது. கோதின் அடியில் இருக்கும் சிறிய தட்டு பிரைமர். சுடுவிசையை இழுத்தால் ஊசி அந்தப் பிரைமரைத் தட்டும், அது தீப்பொறி தரும். கோதுக்குள் இருக்கும் சாம்பல்கறுப்பு நிறத் துகள்தான் மருந்து.

வேட்டைக்குப் பயன்படும் நடுத்தர றைபிள் ரவை ஒன்றுக்குள் இருக்கும் மருந்து மூன்று கிராமைச் சுற்றித்தான் வரும். உள்ளங்கையில் கொட்டினால் ஒரு சிறு குவியல். அந்தச் சிறு குவியல்தான் சன்னத்தை ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலே கொண்டுபோகிறது.

மருந்து எரிகிறது, வெடிப்பதில்லை

வெடிமருந்து என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். கல்லுடைக்கும் டைனமைற்றும், தீபாவளிப் பட்டாசுக்குள் இருப்பதும், ரவைக்குள் இருப்பதும் ஒரே பெயரில் வருவதால், துவக்கு மருந்தும் ஒரே அடியாய் வெடித்துச் சிதறுகிறது என்று மனதில் பதிந்துவிடுகிறது. அப்படி நினைத்தால் “எந்த மருந்தாய் இருந்தாலென்ன, எல்லாம் வெடிப்பதுதானே” என்ற முடிவுக்கு வருவது இயல்பு.

டைனமைற் உண்மையில் வெடிக்கிறது. அதிர்வலை ஒன்று அந்தப் பொருளுக்கூடாக ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடும். ரவைக்குள் இருக்கும் மருந்து அப்படியல்ல. ஒவ்வொரு துகளும் அதன் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, படை படையாக எரிகிறது. எரிந்து உண்டாகும் சூடான வாயு சன்னத்தைத் தள்ளுகிறது. எல்லாம் நடந்து முடிய விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூட எடுக்கும். நமக்கு அது வெடிப்பாகத் தெரிகிறது. துவக்குக்குள் அது ஒழுங்காகத் தொடங்கி, ஏறி, இறங்கி முடிகிற ஒரு நெருப்பு.

பழைய காலத்துக் கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் சேர்த்தது. ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்தால் அரைவாசிக்கு மேல் திண்மக் கழிவாகவே மிஞ்சும், அதனால்தான் அத்தனை புகை. 1884இல் பிரான்ஸில் போல் வியேய் என்ற இரசாயனவியலாளர் நைத்திரோசெலுலோசைக் கொண்டு புகையற்ற மருந்தைச் செய்தார். பருத்தி போன்ற நாரை அமிலங்களில் பதப்படுத்தினால் கிடைப்பது நைத்திரோசெலுலோஸ். 1887இல் அல்பிரட் நோபல் அதோடு நைத்திரோகிளிசரினைச் சேர்த்தார். 1889இல் பிரித்தானியா அதே வழியில் கோடைற் என்ற மருந்தைச் செய்தது. இலங்கையில் ஆங்கிலேயர் காலத்துப் படைகள் வைத்திருந்த .303 றைபிள்களின் ரவையைத் திறந்தால் இடியப்பம் போன்ற நீளமான இழைகள் கட்டாக இருக்கும். அதுதான் கோடைற்.

சுருக்கமாக: துவக்கு மருந்து மேற்பரப்பிலிருந்து எரிகிறது. அப்படியென்றால் கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதுதான்.

சிரட்டையும் சிரட்டைத் தூளும்

விறகடுப்பு மூட்டியவருக்கு இது தெரிந்த விடயம். ஒரு முழுச் சிரட்டையை அடுப்பில் வைத்தால் ஆறுதலாகப் பிடித்து நெடுநேரம் எரியும். அதே சிரட்டையைச் சிறு துண்டாக உடைத்துப் போட்டால் சட்டென்று பிடித்து, பெரிய சுவாலை விட்டு, விரைவில் முடிந்துவிடும். அதையே தூளாக்கி நெருப்பின் மேல் தூவினால் ஒரு கணத்தில் ‘பக்’ என்று பற்றும். பொருள் ஒன்று, நிறை ஒன்று. உள்ளே இருக்கும் சக்தியும் ஒன்றுதான். மாறியது நெருப்புப் படும் மேற்பரப்பு மட்டும்.

மருந்து செய்கிறவர்கள் இந்த மேற்பரப்பை வைத்துத்தான் விளையாடுகிறார்கள். எரிதல் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, சம தடிப்புள்ள படைகளாக உள்ளே போகிறது என்பதை 1839இலேயே பியோபேர் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி எடுத்துச் சொல்லியிருந்தார். அதன்படி பார்த்தால், துகளின் உருவம் தெரிந்தால் அது எரியும் விதமும் தெரியும்.

உருண்டைத் துகளை எடுங்கள். வெளியிலிருந்து எரிய எரிய அது சிறுக்கும், மேற்பரப்பும் குறையும். அதனால் தொடக்கத்தில் அதிக வாயு, போகப் போகக் குறைவு. இப்போது ஓரிரு மில்லிமீற்றர் நீளமான சிறு குச்சி ஒன்றை எடுத்து, நடுவே நீளவாக்கில் ஒரு நுண்துளை போட்டுவிடுங்கள். வெளிப்பக்கம் எரிந்து சிறுக்கும்போது துளையின் உட்பக்கம் எரிந்து பெருக்கும். ஒன்று குறைய மற்றது கூட, மொத்த மேற்பரப்பு கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். றைபிள் மருந்துகளில் நிறைய இந்த வகைக் குச்சிகள்தான். ஒரு துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தத் துளை தெரியும். எவ்வளவு கவனமாகச் செய்த பொருள் என்று அப்போதுதான் விளங்கும்.

உருவத்தோடு கதை முடியவில்லை. துகளின் வெளிப்படையில் எரிவதை மெதுவாக்கும் ஓர் இரசாயனத்தை ஊறவைப்பார்கள். தடுப்புப் பூச்சு என்று வைத்துக்கொள்வோம். முதலில் மெதுவாகப் பிடித்து, பூச்சுப் படை முடிந்ததும் வேகம் கூடும்படி அது செய்யும். உருண்டைத் துகள்களுக்கு இந்தப் பூச்சு மிகவும் தேவை. கடைசியாக, நிலைமின்னைக் குறைக்கவும் துகள்கள் ஒட்டாமல் ஓடவும் பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தின் (கிராபைற்) தூளைப் பூசுவார்கள். எல்லா மருந்தும் ஒரே சாம்பல்கறுப்பாய்த் தெரிவதற்குக் காரணம் இந்தக் கடைசிப் பூச்சுத்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்தின் வித்தியாசத்தைத் தீர்மானிக்கும் தடுப்புப் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் காரீயமோ எல்லாவற்றிலும் ஒன்று.

கைத்துப்பாக்கிக்குச் செய்த உருண்டை மருந்தையும் றைபிளுக்குச் செய்த உருண்டை மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் தாளில் கொட்டினால், பழகிய கண்ணும் ஏமாறும். முதலாவது மிக விரைவாக எரிவது, இரண்டாவது ஆறுதலாக எரிவது. றைபிள் கோது நிறைய முதலாவதைப் போட்டுச் சுட்டால் துவக்கு தாங்காது.

அழுத்தம் தன்னைத் தானே வளர்க்கும்

சிரட்டை உதாரணம் இதற்கு மேல் உதவாது. அடுப்பு திறந்த இடம். உண்டாகும் வாயு வெளியே போய்விடும். ரவைக்குள் எல்லாம் மூடியிருக்கிறது. மருந்து தனக்கு வேண்டிய ஒட்சிசனையும் தன்னோடே வைத்திருக்கிறது, அதனால் காற்று இல்லாமலே எரியும்.

மூடிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் ஏறும். இங்கேதான் முக்கியமான விடயம் இருக்கிறது: அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். இதற்குக் கணக்கு எழுதியவரும் அதே வியேய்தான். புகையற்ற மருந்துகளில் எரியும் வேகம் ஏறக்குறைய அழுத்தத்தின் விகிதத்திலேயே கூடுகிறது. வேகமாக எரிந்தால் வாயு கூடும், வாயு கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் எரிதல் இன்னும் வேகமாகும்.

இந்தச் சுழலை எது நிறுத்துகிறது? சன்னம் நகர்வதுதான். சன்னம் குழலில் முன்னே போகப் போக அதற்குப் பின்னால் இடம் பெருகும், வாயு விரியும், அழுத்தம் தணியும். ஆகவே ஒவ்வொரு வெடியும் ஒரு போட்டி. ஒரு பக்கம் மருந்து வாயுவைக் கூட்டுகிறது, மறுபக்கம் சன்னம் இடத்தைக் கூட்டுகிறது. சன்னம் சில சென்ரிமீற்றர் நகர்வதற்குள் அழுத்தம் அதன் உச்சத்தைத் தொட்டுவிடும். அந்த உச்ச அழுத்தத்தைத்தான் துவக்கின் உலோகம் தாங்கவேண்டும்.

அளவு எவ்வளவு என்று தெரிந்தால் நல்லது. கார் ரயருக்குக் காற்றடிக்கும்போது 30, 32 என்று சொல்கிறோமே, அந்த அலகில் .308 வின்செஸ்டர் ரவைக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பு 62,000. பழைய .303க்கு 49,000.

மருந்து கொஞ்சம் வேகமானதாக இருந்தால் சன்னம் நகர்ந்து இடம் விடுவதற்கு முன்பே வாயு குவிந்துவிடும். மேலே சொன்ன சுழல் அதைப் பெருக்கும். அதனால்தான் எரிவேகத்தில் ஐந்து சதவீத வித்தியாசம் என்றால் அழுத்தத்திலும் ஐந்து சதவீதம்தான் கூடும் என்று நினைக்கக்கூடாது. அதைவிட அதிகமாக ஏறும். வெற்று ரவைகளுக்குப் போடும் மருந்து இதன் கடைசி எல்லை. அங்கே சன்னமே இல்லை, எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. அதனால் மிக மிக வேகமாக எரியும் மருந்தைப் போட்டால்தான் சத்தம் வரும். அந்த மருந்தை ஒரு சன்னத்துக்குப் பின்னால் போட்டால் துவக்கு சிதறும்.

இதுவரை பார்த்தது: மருந்தின் தன்மை அதிலுள்ள மொத்தச் சக்தியில் மட்டும் இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு வாயு தருகிறது என்பதில் இருக்கிறது. அந்த நேரக்கணக்கு துகளின் உருவம், அளவு, தடுப்புப் பூச்சு, இரசாயனக் கலவை எல்லாம் சேர்ந்து முடிவாவது.

எரிவேக அட்டவணையை எப்படி வாசிப்பது

மருந்து நிறுவனங்கள் வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசைப்படுத்திய அட்டவணைகளை வெளியிடுகின்றன. பலர் செய்யும் தவறு, அந்த அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை மாற்றிப் போடலாம் என்று எடுத்துக்கொள்வது. அது வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று சொல்வது மாதிரியான வரிசை மட்டும்தான், புள்ளி வித்தியாசத்தைக் காட்டாது. 40ஆம் இடத்துக்கும் 41ஆம் இடத்துக்கும் இடைவெளி மிகச் சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம். அதோடு அந்த வரிசை மூடிய பரிசோதனைக் கலத்தில் அளந்தது. கோது மாறினால், சன்னத்தின் நிறை மாறினால், இரண்டு மருந்துகள் இடம் மாறியும் நிற்கலாம். அட்டவணை எந்தக் குடும்பத்து மருந்தைத் தேடலாம் என்று காட்டும். எவ்வளவு போடுவது என்பதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரே எண், இரண்டு மருந்து

இப்போது தலைப்பில் இருக்கும் 4831க்கு வருவோம். குழப்பம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் மலைபோல் மருந்து மிஞ்சியிருந்தது. புரூஸ் ஹொட்ஜ்டன் என்பவர் அதை மொத்தமாக வாங்கி, வேட்டைக்காரர்களுக்குச் சில்லறையாக விற்கத் தொடங்கினார். அவர் விற்றவற்றில் ஒன்று 20 மில்லிமீற்றர் பீரங்கிக்கு டியூபொன்ட் நிறுவனம் செய்த 4831 இலக்க மருந்து. மலிவு, நல்ல தரம், மக்களுக்குப் பிடித்துப்போனது. போர்க்கால மிச்சம் தீர்ந்த பிறகு அதே தன்மையில் புதிதாகச் செய்வித்து எச் 4831 என்ற பெயரில் விற்றார். எச் என்பது ஹொட்ஜ்டனின் முதலெழுத்து.

1970களில் டியூபொன்ட் தானே ஐஎம்ஆர் 4831ஐச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐஎம்ஆர் என்பது டியூபொன்டின் றைபிள் மருந்து வரிசையின் பெயர். எண் ஒன்று, உருவமும் குச்சிதான், நிறமும் அதேதான். ஆனால் புதிதாக வந்த ஐஎம்ஆர் 4831, எச் 4831ஐ விட வேகமாக எரிவது. எச் 4831க்கு உச்ச அளவாக எழுதியிருந்ததை ஐஎம்ஆர் 4831இல் அப்படியே போட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டும். பழைய கையேடுகளில் வெறுமனே ‘4831’ என்று மட்டும் இருந்த பக்கங்கள் அன்றைக்கு ஆபத்தான பக்கங்களாயின.

2003இல் ஐஎம்ஆர் பெயரையும் ஹொட்ஜ்டன் நிறுவனமே வாங்கிவிட்டது. ஆகவே இன்றைக்கு இரண்டையும் விற்பது ஒரே நிறுவனம். “ஒரே கொம்பனி, ஒரே நம்பர், பிறகென்ன” என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவை இரண்டும் வெவ்வேறு மருந்து. 4350க்கும் 4895க்கும் இதே நிலைமைதான். எச் ஒன்று, ஐஎம்ஆர் இன்னொன்று.

மறுபக்கம், பெயர் வேறாக இருந்தும் பொருள் ஒன்றாக இருப்பவையும் உண்டு. எச் 110 என்பதும் வின்செஸ்டர் 296 என்பதும் ஒரே மருந்து, இரண்டு லேபல். எச்பி 38உம் வின்செஸ்டர் 231உம் அப்படியே. அவுஸ்திரேலியாவில் முல்வாலா என்ற ஊரில் இருக்கும் ஏடிஐ ஆலையில் செய்யும் ஏஆர் 2209தான் அமெரிக்காவில் எச் 4350 என்று விலைப்படுகிறது. அங்கே ஏஆர் 2208 என்பது கனடாக் கடையில் வார்கெட். மெல்பேர்னில் இருக்கும் தம்பியும் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனும் தொலைபேசியில் கதைக்கும்போது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சொல்லி அது வேறு என்று நினைப்பார்கள். அடுத்த நிமிடமே இரண்டு வேறு மருந்தை ஒரே எண்ணில் சொல்லி ஒன்று என்று நினைப்பார்கள்.

இதில் எச் 4831 எஸ்சி என்று இன்னொன்றும் உண்டு. எச் 4831ஐயே குட்டையான குச்சியாக வெட்டியது. அளவைக் கருவியில் இலகுவாக விழும் என்பதற்காகச் செய்தது. கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும் செய்தவரே ஒரே தரவைப் பயன்படுத்தலாம் என்கிறார். ஆக, வேறாகத் தெரிவது ஒன்றாகவும், ஒன்றாகத் தெரிவது வேறாகவும் இருக்கலாம். செய்தவர் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் ஒன்று. அது இல்லையென்றால் வேறு என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு படையே மருந்தை மாற்றியபோது

மருந்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு எம்16 துவக்கின் கதையை நான் எப்போதும் சொல்வேன். இது வீட்டு மேசையில் நடந்த தவறு அல்ல. பொறியியலாளர்களும் பரிசோதனைக்கூடங்களும் இருந்த இடத்தில் நடந்தது.

எம்16 உருவாகும்போது அதன் ரவையில் ஐஎம்ஆர் 4475 என்ற குச்சி மருந்து இருந்தது. அமெரிக்கப் படை கேட்ட சன்ன வேகத்தை, அழுத்த வரம்பைத் தாண்டாமல், ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குச் சீராகத் தருவது அந்த மருந்துக்குக் கடினமாக இருந்தது. 1964இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். பெரிய 7.62 ரவையில் ஏற்கனவே பயன்பட்ட மருந்து அது. சன்னத்தின் வேகம் சரியாக வந்தது. உச்ச அழுத்தமும் வரம்புக்குள் இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி.

ஆனால் எம்16 தானியங்கித் துவக்கு. குழலின் நடுவே ஒரு சிறு துளை இருக்கிறது. சன்னம் அதைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அந்தத் துளை வழியாகப் பின்னால் வந்து, வெற்றுக் கோதைத் தள்ளி வெளியேற்றி அடுத்த ரவையை ஏற்றும். புதிய மருந்தில் உச்ச அழுத்தம் கூடாவிட்டாலும், சன்னம் அந்தத் துளைக்கு வரும்போது இருந்த அழுத்தம் கூடியிருந்தது. பொறிகள் வேகமாக அடிபட்டன, நிமிடத்துக்குச் சுடும் எண்ணிக்கை வடிவமைத்ததைத் தாண்டியது, உதிரிப் பாகங்கள் விரைவில் பழுதாயின. உருண்டை மருந்து செய்யும்போது அமிலத்தை நடுநிலையாக்கச் சேர்த்த கல்சியம் காபனேற்று வாயுக் குழாயில் படிந்தது. துப்புரவுக் கருவிகள் போதிய அளவில் கொடுக்கப்படவில்லை, குழலின் பின்னறைக்குக் குரோமியப் பூச்சும் இருக்கவில்லை. எல்லாம் சேர்ந்து வியட்நாமில் துவக்குகள் சண்டைக்கு நடுவே இறுகி நின்றன. 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு ஒன்று விசாரித்து, மருந்தை மாற்றிய முடிவைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு துவக்கின் உள்ளுறுப்பை மாற்றினார்கள், பின்னறைக்குக் குரோமியம் பூசினார்கள், மருந்திலும் கல்சியம் காபனேற்றைக் குறைத்தார்கள்.

சன்னத்தின் வேகம் ஒன்றாக இருந்தது, உச்ச அழுத்தமும் வரம்புக்குள் இருந்தது. அவை இரண்டும் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறி இறங்கிய விதம் மாறியதால் துவக்கு வேறு மாதிரி நடந்துகொண்டது. “என்னுடைய வேகமானியில் இரண்டு மருந்துக்கும் ஒரே வேகம்தான் வருகிறது, அப்போ ஒன்றுதானே” என்பவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்னும் சில வித்தியாசங்கள்

கன அளவு ஒன்று. மருந்தை அளக்கும் கருவிகளில் பல கனவளவால் அளப்பவை. உருண்டை மருந்து நெருக்கமாக அடையும், நீளக் குச்சி இடைவெளி விட்டு நிற்கும். ஒரு மருந்துக்கு ஒழுங்குபடுத்திய கருவியில் இன்னொன்றைப் போட்டால் நிறை வேறாக விழும். தராசில் நிறுத்தாமல் நம்பக்கூடாது.

வெப்பம் இன்னொன்று. சில மருந்துகள் சூட்டில் கூடுதல் வேகமாக எரியும், குறிப்பாக நைத்திரோகிளிசரின் சேர்ந்த சில உருண்டை மருந்துகள். சில மருந்துகளை வெப்பநிலை மாற்றம் அதிகம் பாதிக்காதபடி செய்கிறார்கள். கனடாவின் நவம்பர்க் குளிரில் சரியாக இருந்த அளவு, கோடையில் வெயிலில் நின்ற வாகனத்துக்குள் கிடந்த ரவையில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தொழிற்சாலை ரவையைப் பிரித்துப் பார்த்து, “உள்ளே இருப்பது இன்ன மருந்து மாதிரி இருக்கிறது” என்று ஊகித்து அதே நிறையைப் போடுவது மிக மோசமான பழக்கம். தொழிற்சாலைக்குப் போகும் மொத்த மருந்து தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒவ்வொரு தொகுதியையும் அழுத்தம் அளந்துதான் அங்கே அளவு தீர்மானிப்பார்கள். கடையில் போத்தலில் விற்பது மட்டும்தான் ஒவ்வொரு முறையும் ஒரே தன்மைக்கு வரும்படி கலந்து அனுப்பும் மருந்து.

அப்போ மாற்றவே முடியாதா

மாற்றலாம். பழைய மருந்தை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும், அவ்வளவுதான். போத்தலில் எழுதியிருக்கும் முழுப் பெயரை, முன்னெழுத்தும் பின்னெழுத்தும் சேர்த்து, அந்த மருந்தைச் செய்தவர் வெளியிட்ட இப்போதைய கையேட்டில் தேடவேண்டும். அதே ரவை வகை, அதே நிறைச் சன்னம். அங்கே ஒரு தொடக்க அளவும் ஓர் உச்ச அளவும் இருக்கும். தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்த்து ஏறவேண்டும். கையேட்டில் அந்தச் சேர்க்கை இல்லையென்றால் அந்த மருந்து அந்த ரவைக்கு இல்லை. நேரில் சொன்னாலும் தொலைபேசியில் சொன்னாலும், நண்பர் சொன்ன அளவு கையேட்டுக்குச் சமமாகாது.

“ஏதும் பிழை என்றால் பிரைமர் தட்டையாகும், பூட்டு இறுகும், அப்போது நிறுத்தலாம்” என்று சிலர் சொல்வார்கள். அந்த அடையாளங்கள் பெரும்பாலும் அழுத்தம் வரம்பைத் தாண்டிய பிறகுதான் தெரியும். சில துவக்குகளில் தெரியவே தெரியாது. அவற்றை எச்சரிக்கை மணியாக நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

மிச்சம் இருக்கும் இரண்டு மருந்தைச் சேர்த்து ஒரு போத்தலாக்குவது இதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டின் நடுவான வேகம் வரும் என்று நினைப்பார்கள். பாரமும் உருவமும் வேறான துகள்கள் அசைவில் பிரிந்து நிற்கும், ஒரு ரவைக்கு ஒன்று கூடவும் அடுத்ததற்கு மற்றது கூடவும் விழும். எந்தக் கையேட்டிலும் அதற்கு அளவு கிடையாது.

விபத்துகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன: இரவு வேலையை நிறுத்தும்போது அளவைக் கருவியின் தொட்டியில் பாதி மருந்து கிடக்கும். அடுத்த கிழமை திரும்பி வந்து பார்த்தால் அது எச்சா, ஐஎம்ஆரா என்று நினைவு இருக்காது. நிறத்தைப் பார்த்து, அலுமாரியில் இருக்கும் போத்தல்களில் ஒன்றுக்குள் திருப்பி ஊற்றிவிடுவார்கள். அதனால் இதில் பழகியவர்கள் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு போத்தலைத்தான் வைப்பார்கள், எழும்புவதற்கு முன் தொட்டியை அதே போத்தலுக்குள் காலியாக்குவார்கள், பெயர் தெரியாத மருந்து எவ்வளவு விலையானதாக இருந்தாலும் ரவைக்குள் போடமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து மச்சான் அடுத்த முறை கேட்டால், முதலில் அவரிடம் போத்தலை எடுத்து லேபலில் இருப்பதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள்.